அக்கா வீட்டு அலமாரியின் மேற்பலகை

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் செய்து கொடுத்த அலமாரிதான். மேற்பலகையின் இடது முனையிலிருந்து உள்நோக்கி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியட்டும் என்று அதில் ஒரு பத்து காசு நாணயத்தைச் செருகிப் படம் எடுத்திருந்தாள். யாரும் பிடிக்காமலேயே நாணயம் நின்றது.

“யாரும் எதையும் மேல போடலடா. ராத்திரி டப்புன்னு ஒரு சத்தம். பாப்பா எந்திரிச்சு அழ ஆரம்பிச்சிட்டா. காலையில பார்த்தா இப்படி இருக்கு” என்று குரல்பதிவும் கூடவே வந்தது.

அது நான் தனியாகச் செய்து முடித்த முதல் அலமாரி. நியாத்தோ மரம். நீளம் 900 மில்லிமீட்டர், ஆழம் 450, உயரம் 800. இரண்டு கதவு, மேலே ஒரு லாச்சி (இழுப்பறை). நவம்பரில் கொண்டுபோய் வைத்தேன். நான்கே மாதத்தில் வெடித்துவிட்டது. அன்று மதியமே சுங்கை ஆராவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் அளந்தேன். வெடிப்பு முனையில் 3 மி.மீ. அகலம், நீளம் 310 மி.மீ. அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதையும், ஏன் வெடித்தது என்பதையும் அளவுகளோடு இங்கே எழுதி வைக்கிறேன். வேலை பழகும் வேறு யாருக்காவது உதவும்.

நான் பழகும் பட்டறை மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் இருக்கிறது. மாஸ்டருக்கு 64 வயது. பதினைந்து வயதில் ஜார்ஜ்டவுனில் ஒரு கான்டனீஸ் சீஃபுவிடம் (தொழில் குருவிடம்) வேலைக்குச் சேர்ந்தவர். லவ் லேனில் தச்சர்களுக்கென்றே லூ பான் கோயில் ஒன்று இருக்கிறது. சீஃபு அங்கே கும்பிடப் போகும்போதெல்லாம் ஊதுபத்திக் கட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போனதாக மாஸ்டர் சொல்வார். இப்போது எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு உளிகளுக்கும் இழைப்புளிகளுக்கும் சந்தனம் வைக்கிறோம். பக்கத்திலேயே மரத்தில் நேர்கோடு போட அந்தச் சீஃபு கொடுத்த மைநூல் பெட்டிக்கும் ஒரு பொட்டு உண்டு.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் ஆறு வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியனாக இருந்தேன். அளவு, துல்லியம் எல்லாம் எனக்குப் பழக்கம்தான் என்ற எண்ணத்தோடு பட்டறைக்கு வந்தேன். முதல் ஆறு வாரம் மாஸ்டர் என்னை மரத்தைத் தொடவே விடவில்லை. தீட்டுவது மட்டும்தான் வேலை.

இந்த ஆறு வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உளியின் சாய்வை முதலில் 25 டிகிரியில் சாணை பிடிக்கணும். அப்புறம் நுனியை மட்டும் 30 டிகிரியில் 1000 நம்பர் தண்ணீர்க் கல்லில், அதன் பிறகு 6000 நம்பர் கல்லில். கல்லில் தேய்க்கத் தேய்க்க உளியின் பின்பக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். கண்ணுக்குத் தெரியாது, விரலை நுனிக்கு வெளியே இழுத்தால் தட்டுப்படும். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அந்தப் பிசிறு எழாவிட்டால் தீட்டல் முடியவில்லை என்று அர்த்தம். எழுந்த பிறகு உளியைத் திருப்பி, பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்து ஒரே ஒரு இழுப்பு. பின்பக்கம் கண்ணாடி மாதிரித் தட்டையாக இல்லையென்றால் இவ்வளவும் வீண். என் முதல் உளியின் பின்பக்கத்தைத் தட்டையாக்க மட்டும் இரண்டு நாள் ஆனது. கல்லும் நடுவில் குழிந்துவிடும், அதையும் அவ்வப்போது தேய்த்து மட்டமாக்கிக்கொண்டே இருக்கணும்.

கூர் வந்ததா என்று பார்க்க மாஸ்டர் ஒரு துண்டு ஜெலுத்தோங் மரத்தை நீட்டுவார். எங்கள் வட்டாரத்தின் பெயரில் ஒரு மரமே இருக்கிறது. முன்பு அதன் பாலைச் சூயிங்கம் செய்ய எடுத்தார்கள். மரம் வெளிர்மஞ்சள், லேசானது, ரொம்ப மென்மை. மென்மையான மரத்தின் முனையைச் சீவுவதுதான் கடினமான பரீட்சை. கெட்டி மரம் மொண்ணை உளிக்கும் கொஞ்சம் எதிர்த்து நின்று வெட்டுப்படும். மென்மரத்தின் நார்கள் நசுங்கிப் படுத்துவிடும். நன்றாகத் தீட்டிய உளி பட்டால் முனை மெழுகு போலப் பளபளக்கும். மொண்ணை பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாகக் கிழிந்து நிற்கும். நான் நான்காவது வாரத்தில்தான் முதல்முறை அந்தப் பளபளப்பைப் பார்த்தேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பினாங்கில் இன்னொரு தொல்லை துரு. கடற்காற்று. தீட்டி முடித்த உளியை அப்படியே வைத்தால் மறுநாள் காலையில் புள்ளி விழுந்திருக்கும். தையல் மிஷின் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துத்தான் பெட்டியில் வைக்கிறோம்.

சரி, அலமாரிக்கு வருகிறேன்.

நியாத்தோ நம் ஊர்த் தளபாடக்காரர்களுக்குப் பழகிய மரம். செம்பழுப்பு நிறம், நெருக்கமான நார், பாலிஷ் நன்றாக ஏறும். சில பலகைகளில் சிலிக்கா கலந்திருக்கும், உளி சீக்கிரம் மழுங்கும். இது கட்டாபெர்ச்சா பால் தரும் மரத்தின் இனம். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அந்தப் பாலைத்தான் உறையாகப் பூசினார்கள். 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலுக்கடியில் கம்பி போட்டபோதும் அதே உறைதான். நம் தாத்தா காலத்துத் தந்திகள் இந்த மரத்தின் உறவுக்காரப் பாலுக்குள்தான் ஓடி வந்தன என்று நினைத்தபடிதான் அந்தப் பலகைகளை இழைத்தேன்.

அலமாரியின் இரண்டு பக்கமும் சட்டமும் நடுப்பலகையும் சேர்ந்த அமைப்பு. இரண்டு நிமிர்சட்டம், மேலும் கீழும் ஒவ்வொரு குறுக்குச்சட்டம். குறுக்குச்சட்டத்தின் முனையில் கழுந்து எடுத்து, நிமிர்சட்டத்தின் துளையில் இறக்கிப் பசை போட்டு இறுக்கினேன். சட்டங்களின் உள்விளிம்பில் 6 மி.மீ. காடி (நீளப் பள்ளம்) ஓட்டி, அதற்குள் நடுப்பலகையை நிறுத்தினேன். நடுப்பலகைக்கு மட்டும் பசை கிடையாது. காடிக்குள் இருபுறமும் 3 மி.மீ. இடம் விட்டு, பலகை சும்மா நிற்கும். அதற்குப் பாலிஷும் கோர்ப்பதற்கு முன்பே அடித்துவிட வேண்டும் என்று மாஸ்டர் பக்கத்தில் நின்று சொன்னார். பிறகு அடித்தால், பலகை சுருங்கும் நாளில் ஓரத்தில் பாலிஷ் படாத வெளிர்கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். கதவுகளும் இதே முறைதான்.

மேற்பலகை போடும் நேரத்தில் மாஸ்டர் ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்று பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி 450 மி.மீ. அகலத்துக்குக் கொண்டு வந்தேன். ஒட்டிய இடமே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், நன்றாகக் கெட்டியாக நிற்கட்டும் என்று பக்கச் சட்டங்களின் தலை முழுக்க வெள்ளைப் பசை தடவி, மேற்பலகையை வைத்து, உள்ளேயிருந்து பக்கத்துக்கு நான்கு திருகாணி முடுக்கினேன். அசைக்கவே முடியாது. அப்படி இருப்பதுதான் நல்ல வேலை என்று நம்பினேன். பாலிஷும் மேல்பக்கம் மட்டும்தான். அடிப்பக்கம் யார் கண்ணில் படப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு வேனில் ஏற்றி அலமாரியைப் பட்டறைக்குக் கொண்டு வந்தோம். மாஸ்டர் வெடிப்பைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து உள்ளே டார்ச் அடித்துத் திருகாணிகளைப் பார்த்தார்.

“மரத்தைக் கட்டிப் போட்டுட்டியே தம்பி. அக்கா வீட்டில ஏர்கோன் எத்தனை மணி நேரம்?”

“நாள் பூரா மாஸ்டர். பாப்பா பொறந்ததிலிருந்து நிறுத்துறதே இல்ல.”

“அப்புறம் வெடிக்காம என்ன செய்யும்?”

கதவு, பக்கப்பலகை எதிலும் ஒரு கீறல் இல்லை. அதே மரம், அதே வீடு, அதே நான்கு மாதம். காடிக்குள் சும்மா நின்ற பலகைகள் தப்பித்தன. நான் பசையும் திருகாணியும் போட்டுப் பிடித்து வைத்த ஒரே பலகை பிளந்துவிட்டது.

மறுநாள் ஈரமானியை எடுத்துக்கொண்டு மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி அது. பட்டறையில் திறந்தவெளியில் கிடந்த நியாத்தோ 15 சதவீதம் காட்டியது. அக்கா வீட்டு வரவேற்பறையில், அதே பலகையிலிருந்து அறுத்து நான் முன்பு செய்துகொடுத்த படச்சட்டம் 11 காட்டியது. வித்தியாசம் 4 சதவீதம். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் சுருங்கும், விரியும். மரத்தின் வளர்ச்சி வளையத்துக்கு இணையாக அறுத்த பலகை என்றால், ஈரம் 1 சதவீதம் குறைய அகலத்தில் சுமார் 0.25 சதவீதம் குறையும் என்பது தச்சர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. நான்கு சதவீதத்துக்கு 1 சதவீதம். 450 மில்லிமீட்டரில் அது நாலரை மில்லிமீட்டர். வளையத்துக்குச் செங்குத்தாக அறுத்த பலகை என்றால் அதில் ஏறக்குறைய பாதி.

இப்போது பக்கச் சட்டத்தைப் பார்க்கலாம். அதன் மேல் குறுக்குச்சட்டம் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. அதன் நார் ஓட்டமும் அதே திசை. அதனால் அது சுருங்காது. அதன் மேல் உட்கார்ந்த மேற்பலகையோ அதே திசையில் நாலு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கிறது. பசை விடவில்லை, திருகாணி விடவில்லை. மார்ச் மாதத்து ராத்திரி ஒன்றில் மரம் தன்னைத்தானே பிளந்துகொண்டு விடுபட்டது. தொழிற்பேட்டையில் ஆறு வருடம் நான் அளந்த உலோகத் துண்டுகள் அளந்த இடத்திலேயே இருந்தன. மரத்துக்கு அளவு என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பழுதுபார்க்கும் வேலையில் முதல் சிக்கல், மேற்பலகையைச் சேதமில்லாமல் கழற்றுவது. திருகாணிகள் வந்துவிட்டன. பசை வரவில்லை. வெள்ளைப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும் என்பதால் துணியை நனைத்து வைத்து, மேலே இஸ்திரிப்பெட்டியை வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் கொஞ்சம் இளகியது, உள்ளே எட்டவில்லை. கடைசியில் மெல்லிய ஜப்பானிய இழுப்பு ரம்பத்தைச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் படுக்கவைத்து, பசைக்கோட்டிலேயே அறுத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணி நேரம். ரம்பம் மேலே ஏறினால் பலகை போச்சு, கீழே இறங்கினால் சட்டம் போச்சு. மாஸ்டர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரம்பத்தின் சத்தம் மாறும்போதெல்லாம் “கையைத் தளர்த்து” என்று மட்டும் சொன்னார்.

வெடிப்பில் பசையைக் கசியவிட்டு இறுக்கி ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். சில வாரம் திறந்து கிடந்த பிளவில் தூசியும் பாப்பாவின் எண்ணெயும் ஏறியிருக்கும், பசை பிடிக்காது. தவிர, பிளவின் இரு முகமும் இப்போது ஒன்றுக்கொன்று பொருந்தாது, பலவந்தமாக மூடினால் அந்த இறுக்கம் இன்னொரு இடத்தில் வெடிக்கும். அதனால் பலகையை வெடிப்பின் வழியே நீளம் முழுக்க அறுத்து இரண்டாக்கினோம். வெடிப்பு ஓடிய சாய்வையும் சேர்த்து எடுத்ததில் அகலம் 7 மி.மீ. போனது.

இரண்டு துண்டின் ஓரங்களையும் மறுபடி நேராக இழைக்க வேண்டும். இதற்கு மாஸ்டர் காட்டிய வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பலகையையும் புத்தகத்தை மூடுவது போல முகத்தோடு முகம் சேர்த்துப் பட்டறை இறுக்கியில் நிறுத்தி, இரண்டு ஓரத்தையும் ஒன்றாக நீள இழைப்புளியால் சீவுவது. இழைப்புளி ஒரு பக்கம் அரை டிகிரி சாய்ந்துவிட்டாலும் பரவாயில்லை. புத்தகத்தைத் திறந்ததும் ஒன்றின் சாய்வு மற்றதன் சாய்வைச் சரிக்கட்டி, மேற்பலகை தட்டையாக வரும். கடைசியில் சுருள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் வரணும். எனக்கு ஒன்பதாவது சீவலில் வந்தது. வெங்காயத் தோல் மாதிரி, அதன் வழியாக விரல் தெரிந்தது.

அப்புறம் நடுப்பகுதியை மட்டும் இன்னும் இரண்டு சீவல். ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், முனைகள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பலகையின் முனைகள்தான் முதலில் காய்ந்து சுருங்கும். கிளாம்ப் போட்டு நடுவை மூடும்போது முனைகளில் கூடுதல் அழுத்தம் தங்கிவிடும், பின்னால் அங்கே திறக்காது. நம் ஊர்ச் சூட்டில் வெள்ளைப் பசை சில நிமிடத்தில் தோல்கட்ட ஆரம்பித்துவிடும். அதனால் பசை தொடுவதற்கு முன் வெறும் பலகையிலேயே ஒருமுறை ஐந்து கிளாம்பும் போட்டு ஒத்திகை பார்த்தோம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி. எல்லாம் ஒரே பக்கம் போட்டால் பலகை வில்லாக வளையும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டோம்.

மேற்பலகையைச் சட்டத்தோடு பிடித்து வைக்க இந்த முறை மரக் கொக்கிகள் செய்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கட்டை, ஒரு முனையில் நாக்கு மாதிரி ஒரு படி. சட்டத்தின் உள்முகத்தில், மேல்விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே, 6 மி.மீ. அகலத்தில் ஒரு காடி. கொக்கியின் நாக்கு அந்தக் காடிக்குள் நுழையும். கட்டையை மேற்பலகையின் அடியில் ஒரே திருகாணியால் முடுக்க வேண்டும். நாக்குக்கு மேலே விடும் படியின் உயரம் 10 இல்லை, 9 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டர் குறைவுதான் திருகாணி இறுகும்போது பலகையைச் சட்டத்தின் மேல் இழுத்து உட்கார வைக்கிறது. பலகை சுருங்கினாலும் விரிந்தாலும் நாக்கு காடிக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். முதல் கொக்கியில் நார் ஓட்டத்தைக் குறுக்காக வைத்துவிட்டேன், முடுக்கியதும் நாக்கு ஒடிந்தது. நார் நாக்கின் நீளத்தில் ஓட வேண்டும். பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு கொக்கிகள்.

முன்பக்கம் மட்டும் அசையாமல் திருகாணியால் முடுக்கினோம். பலகை எங்கேயாவது ஓர் இடத்தில் நிலையாக நிற்க வேண்டும். முன்விளிம்பை நிறுத்திவிட்டால் கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு எப்போதும் ஒரே அளவாகத் தெரியும். போக்குவரத்தெல்லாம் பின்பக்கம், சுவரோரமாக நடக்கும். அதனால் அலமாரியைச் சுவரிலிருந்து 15 மி.மீ. தள்ளி வைக்கச் சொன்னேன். பாலிஷ் இந்த முறை மேலும் கீழும் ஒரே எண்ணிக்கை, ஒவ்வொரு பக்கமும் மூன்று பூச்சு. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடிக்காத பக்கம் வேகமாக ஈரத்தை வாங்கும், விடும். பலகை கூனிப்போகும்.

பாலிஷுக்கு முன்னால் இன்னொன்றும் செய்தோம். மேற்பலகையை மூன்று வாரம் அக்கா வீட்டு வரவேற்பறையில் அடியில் குச்சி கொடுத்துப் படுக்கவைத்தேன், இரண்டு பக்கமும் காற்றுப்பட. ஈரப்பதம் 15 சதவீதத்திலிருந்து முதல் வாரம் 13, மூன்றாம் வாரம் 11. அதற்குப் பிறகுதான் கடைசி அளவுக்குச் சீவினேன். அத்தானுக்கு இது கொஞ்சம் எரிச்சல். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் மூன்று வாரம் ஒரு பலகை கிடந்தால் யாருக்குத்தான் இருக்காது? பொறுத்துக்கொண்டார்.

இந்த விவரங்களையெல்லாம் நாள், அளவு, படம் என்று ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். மலேசியாவில் 2005 முதல் இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. பெரும்பகுதி வேலையிடத்திலும் மிச்சம் பயிற்சிக்கூடத்திலும் படிப்பார்கள். எங்கள் பட்டறை சிறியது, அதில் சேரவில்லை. ஆனால் வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு தொகுத்துக் காட்டி எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கும் வழியும் உண்டு. அதற்காகத்தான் கோப்பு. வெடித்த படத்தையும் அதில் வைக்கலாமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். “அதை முதல் பக்கத்தில வை” என்றார்.

ஜூன் 14ஆம் தேதி அலமாரி அக்கா வீட்டுக்குத் திரும்பியது. அன்று பின்சட்டத்திலிருந்து மேற்பலகை எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வெர்னியர் அளவுகோலில் அளந்து, சட்டத்தின் பின்முகத்தில் பென்சிலால் தேதியோடு எழுதினேன். 6.0.

டிசம்பரில் அக்கா குடும்பத்தோடு தஞ்சாவூருக்குப் போய் ஐந்து வாரம் இருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது, ஏர்கோன் இல்லை. திரும்பி வந்த அன்றே நான் போய், அலமாரியைக் கொஞ்சம் இழுத்து வைத்துப் பின்னால் படுத்து அளந்தேன். 7.8. பாப்பாவும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்தாள். மேற்பலகையில் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒட்டிய கோடு தட்டுப்படவில்லை. புது எண்ணைப் பழையதன் கீழே எழுதினேன். பிப்ரவரியில் மறுபடி ஏர்கோன் ஓடிய வீட்டில் 6.3. அதையும் எழுதியிருக்கிறேன். சட்டத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.